இறந்தவரின் காலை வணக்கம்

மாங் இமோ இறந்து இன்றோடு நாற்பது நாள். இன்று காலையும் அவர் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார்.

போனில்தான் சொன்னார். நீலச் சட்டை, பின்னால் தென்னை, கையில் ஸ்பூன். "காலை வணக்கம் செல்லங்களா, எண்ணெய் குடிச்சாச்சா?" என்று கேட்டு, மூன்று ஸ்பூன் தேங்காய் எண்ணெயை மடக் மடக்கென்று விழுங்கி, வாயைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுத்தார். "நெனித்தா, காபி எங்கே?"

அடுப்படியில் சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்த மகள் லிகாயா பாய்ந்து போய்ப் போனை அணைத்தாள். அம்மா காதில் விழுந்திருக்குமோ என்று எட்டிப் பார்த்தாள். நெனித்தா கொல்லைப்புறத்தில் கோழி உரித்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை.

செய்தவன் தம்பி அர்னெல். அப்பா உயிரோடு இருந்தபோது அவரைத் தென்னையடியில் உட்காரவைத்து, சட்டையை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, ஒரே பகலில் பல வாரத்துக்கான வணக்கங்களைப் படம்பிடித்து வைத்துவிடுவான். அவை நாளுக்கு ஒன்றாகத் தாமாகவே இணையத்தில் அவருடைய பக்கத்தில் ஏறிக்கொள்ளும். மனிதர் போய்விட்டார். சரக்கு தீரவில்லை.

"இன்னும் எத்தனைடா பாக்கி இருக்கு?" லிகாயா தம்பியைப் பந்தல் காலடியில் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம்தான் இருக்கு, அக்கா."

"இன்னைக்காவது நிறுத்தியிருக்கலாம்ல?"

"திடீர்னு நின்னா ஆளாளுக்குக் கேப்பாங்க. இன்னைக்கு வேண்டாமே. அப்பா நிம்மதியாப் போகட்டும். நாளைக்கு நீ என்ன சொல்றியோ அதைக் கேக்கறேன்."

நாற்பது நாள் வரை ஆவி வீட்டைச் சுற்றித்தான் இருக்கும், அதுவரை வீட்டில் சத்தமாகச் சண்டை கூடாது என்பது பனஹாவ் மலையடிவாரத்தில் யாரும் மீறாத வழக்கம். அர்னெல் அந்த வழக்கத்தைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு நாற்பது நாளை ஓட்டிவிட்டான். கெட்டிக்காரப் பயல்.

ஆனால் போன வாரம் குடையையும் மீறி ஒரு சண்டை வந்தது. அதில் அவன் வாயிலிருந்தே உண்மை விழுந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், நெஞ்சுவலி வந்து லுசேனா ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்ட அப்பா, முதல் வீடியோவில் இரண்டு வரி பேசினார். "நான் தினம் மூணு ஸ்பூன் நம்ம தோட்டத்து எண்ணெய் குடிக்கறேன், நெஞ்சு இரும்பாட்டம் இருக்கு" என்பது முதல் வரி. "ஆனா டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்தாதீங்க, நானும் நிறுத்தல" என்பது இரண்டாவது. அர்னெல் இரண்டாவதை வெட்டிவிட்டான். வீடியோ நீளமாக இருந்ததாம்.

இருந்த ஒரு வரி ஊர் ஊராகப் போனது. போகப் போக அதற்குக் கை கால் முளைத்தது. மாங் இமோ மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டாராம், அடைத்த ரத்தக் குழாயெல்லாம் திறந்துகொண்டதாம், மருந்துக் கம்பெனிகள் இதை மறைக்கின்றனவாம். யார் யாரோ எங்கிருந்தோ வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "உங்களைப் பாத்து நானும் நிறுத்திட்டேன்" என்றார்கள்.

மாங் இமோ நேர்மையான மனிதர். அதுதான் அவரைக் கொன்றது என்று லிகாயா நினைத்தாள். ஊர் அவரைப் பற்றி நம்பியதைப் பொய்யென்று சொல்ல வெட்கம். தான் மட்டும் ஒளிந்து மாத்திரை விழுங்கவும் வெட்கம். கடைசியில் பொய்யை மெய்யாக்கிவிட்டார். ஒருநாள் காமிரா முன்னால் உட்கார்ந்து மாத்திரைகளை நிஜமாகவே குப்பைக்கூடையில் கொட்டினார். அந்த வீடியோதான் எல்லாவற்றிலும் அதிகம் பார்க்கப்பட்டது.

அவர் படுக்கையில் விறைத்துக் கிடந்த அன்று, வந்தவர்களிடம் அர்னெல் முந்திக்கொண்டு சொன்னான். பங்குங்கோட். தூங்குகிறவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மூச்சை அமுக்கிவிடும் பேய், அமுக்குவான். ஊரும் சரியென்றது. சும்மா ஒன்றும் சொல்லவில்லை. தேங்காயைக் கொப்பரை வியாபாரிக்குப் போட்டால் நாய்கூடச் சீண்டாத விலை. மாங் இமோ வீட்டு எண்ணெய் ஆலைக்குப் போட்டால் குடும்பம் நடக்கும். அந்த எண்ணெய்க்குக் கெட்ட பெயர் வர ஊர் விடுமா?

அந்தக் கதையில் ஒரு முள் இருந்தது. அது நெனித்தாவைத்தான் குத்தியது. வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுப்பவனைத்தான் அமுக்குவான் பிடிக்கும் என்பார்கள். அன்று அவள் பன்றிக்கறி அடோபோ செய்து போட்டிருந்தாள். அமுக்குவான் பிடித்தவனின் கட்டைவிரலைக் கடித்தால் முழித்துக்கொள்வான் என்றும் சொல்வார்கள். பக்கத்தில் படுத்திருந்தவள் கடிக்கவில்லை. துக்கம் கேட்க வந்த பெண்கள் அவளைப் பார்த்த பார்வையை லிகாயா மறக்கவில்லை.

அன்றிலிருந்து அம்மா தன் கட்டைவிரலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருந்தாள். பேச்சு குறைந்துவிட்டது. நகத்தடியில் தோல் உரிந்து சிவந்திருந்தது. நாற்பதாம் நாள் விருந்து முடிந்து கடைசி ஆள் வாசல் தாண்டியதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று லிகாயா முடிவு செய்திருந்தாள். உன் அடோபோ கொல்லவில்லை அம்மா, உன் மகனின் கத்தரிதான் கொன்றது. இதை எந்த வாயால் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

தேவாலயத்தில் பூசை முடிந்து ஊர் பந்தலுக்கு வந்தது. பான்சிட் நூடுல்ஸ், கோழி, தேங்காய்ப்பாலில் கிளறிய இனிப்புச் சோறு. மேசையின் தலைமாட்டில் அப்பாவின் பிரம்பு நாற்காலி. அதன் முன்னால் அவருக்கென்று நிறையப் பரிமாறிய தட்டு. தட்டின் பக்கத்தில் சின்னக் கண்ணாடி டம்ளரில் அவருடைய மூன்று ஸ்பூன் எண்ணெய். அதை வைத்தது அம்மா. அந்த நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள், தட்டை யாரும் தொட மாட்டார்கள். சின்னப் பிள்ளைகள்கூட அதைச் சுற்றித்தான் ஓடின.

லிகாயா சோற்றுத் தட்டோடு வெளியே வந்தபோது பந்தலில் பேச்சு நின்றிருந்தது.

அப்பாவின் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

ஒரு கணம் அவளுக்கு உடம்பு சில்லிட்டது. அப்பாவின் வயது, அப்பாவின் அகலமான முதுகு. பிறகுதான் அது வேறு யாரோ என்று கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்தில் பயணப் பையை இறுக்கிப் பிடித்தபடி குட்டையாக ஒரு பெண்மணி நின்றிருந்தாள். அந்த மனிதர் அப்பாவின் தட்டிலிருந்து கோழித் துண்டை எடுத்துச் சுவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தப்பா நினைக்காதேம்மா," என்றாள் அந்தப் பெண்மணி. "நாங்க நாகாவுலேருந்து வரோம். நான் ஃபெலி, இவர் என் வீட்டுக்காரர் ருபெர்த்தோ. ராத்திரி பூரா பஸ். பசியில கண்ணு தெரியல இவருக்கு. மாங் இமோவுக்குப் பொறந்தநாளான்னு கேட்டேன். ஒருத்தர்கூட வாயத் தொறக்கல."

"அண்ணன் எனக்குன்னே எடுத்து வச்சிருக்காரு பாரு," என்றார் ருபெர்த்தோ. டம்ளரைத் தூக்கி அந்த எண்ணெயை ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். அப்பா துடைப்பது போலவே துடைத்தார். பார்த்துப் பார்த்துப் பழகியதாக இருக்கும்.

பந்தலில் இரண்டு மூன்று பேர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள்.

ருபெர்த்தோ எதையும் கவனிக்கவில்லை. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சத்தமாகப் பேசிப் பழகிய தொண்டை. "நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்காங்க எனக்கு. ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை குடுத்தாங்க. ஒரு மாசமா நிறுத்திட்டேன். அண்ணன் சொன்ன மாதிரி எண்ணெய்தான். இவ நம்ப மாட்டேங்குறா. கொன்னுருவீங்க உங்களையேன்னு ஒப்பாரி. அதான் நேர்லயே காட்டுறேன் வாடீன்னு கூட்டிட்டு வந்தேன். எங்க அவரு? காலையிலகூட வணக்கம் சொன்னாரே."

சொல்லிக்கொண்டே போனை எடுத்து மேசைமேல் வைத்துச் சத்தத்தைக் கூட்டினார். அர்னெல் பாய்ந்து வந்தான். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

"காலை வணக்கம் செல்லங்களா..."

நாற்பதாம் நாள் பந்தலில் மாங் இமோவின் குரல் கணீரென்று கேட்டது. ஒரு கிழவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே விட்டார். குழந்தை ஒன்று வீட்டுக்குள் பார்த்து, "தாத்தா வந்துட்டார்" என்றது. ஊருக்கெல்லாம் தெரிந்த வீடியோதான். ஆனால் அவரவர் வீட்டில் பார்ப்பது வேறு. அவர் சாப்பாட்டு மேசையில், அவர் நாற்காலிக்கு முன்னால் கேட்பது வேறு.

"நெனித்தா, காபி எங்கே?"

"இதோ வரேன்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

லிகாயாவின் கண் பொங்கிவிட்டது. நாற்பது வருடப் பழக்கம், நாற்பது நாளில் போய்விடுமா? நெனித்தா காபிக் கோப்பையோடு வாசல்படி இறங்கி வந்தாள். பாதி வழியில் நாற்காலியைப் பார்த்தாள். உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்தாள். நின்றாள். பிறகு மெல்ல நடந்து வந்து, கோப்பையை ருபெர்த்தோவின் முன்னால் வைத்தாள்.

"அண்ணி, அண்ணன் எங்க?" என்றார் அவர்.

"மணிலா போயிருக்காரு, மாமா," என்று முந்தினான் அர்னெல். "ஒரு வேலையா. வர நாளாகும்."

ஃபெலி அவனைப் பார்த்தாள். பிறகு பந்தலை ஒரு சுற்று பார்த்தாள். "மணிலா போனவருக்கா தம்பி, எல்லாரும் நெஞ்சுல கறுப்பு குத்தியிருக்கீங்க?"

லிகாயா சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்பா செத்துட்டாரு, அத்தை. இன்னைக்கு நாப்பதாம் நாள். இது அவருக்கு வச்ச தட்டு."

ருபெர்த்தோவின் கை வாயருகே நின்றது. கோழித் துண்டைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். போனைப் பார்த்தார். அதில் மாங் இமோ சிரித்தபடி உறைந்திருந்தார்.

"எப்படி?" என்றார்.

"அமுக்குவான்," என்று பந்தலிலிருந்து ஒரு குரல். "தூக்கத்துல அடிச்சிருச்சு," என்று இன்னொன்று. "அன்னைக்கு ராத்திரி வயிறாரச் சாப்பிட்டாராம்," என்று பெண்கள் பக்கமிருந்து மூன்றாவது. ஆளுக்கு ஒரு தேங்காய் கொண்டுவந்து போடுவது போலப் போட்டார்கள்.

ருபெர்த்தோ பெருமூச்சு விட்டார். முகத்தில் நிம்மதி திரும்பியதைப் பார்க்க லிகாயாவுக்குப் பயமாக இருந்தது. "பாத்தியா ஃபெலி? நெஞ்சு இல்ல. பேய்க்கு எண்ணெய் என்ன பண்ணும், மாத்திரைதான் என்ன பண்ணும்?"

"நெஞ்சுதான்," என்றாள் லிகாயா. "மாத்திரைய நிறுத்தினதாலதான் போனாரு. நீங்க இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க மாமா. எண்ணெய் சமைக்க நல்லா இருக்கும். குழாய் அடைப்பைத் தொறக்காது. லுசேனா டாக்டர் அப்பாகிட்ட அப்பவே சொன்னாரு, இந்தக் கொழுப்பு நெஞ்சுக்காரனுக்கு ஆகாதுன்னு."

"நீ பாத்தியாம்மா? அவரு பக்கத்துல இருந்தியா?"

லிகாயா அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா துக்கத்துல பேசுது," என்றான் அர்னெல். அவன் குரல் கெஞ்சியது. "அப்பா தூக்கத்துலதான் போனாரு."

"ஊரே சொல்லுது, நீ ஒருத்தி சொல்றே," என்று ருபெர்த்தோ சிரித்தார். போனைத் தட்டிக் காட்டினார். "அண்ணன் சொன்னதத்தான் நான் கேப்பேன்."

அப்போது நெனித்தா வாயிலிருந்து கட்டைவிரலை எடுத்தாள்.

"அவர் தூங்கவே இல்ல," என்றாள்.

சத்தமில்லாமல்தான் சொன்னாள். ஆனால் கடைசி மேசை வரை கேட்டது.

"எழுந்து உக்காந்திருந்தாரு. வேர்த்துக் கொட்டுச்சு. இடது கைய இப்படிப் பிடிச்சுக்கிட்டு, மாத்திரை எங்கடின்னு கேட்டாரு. நீங்கதான குப்பையில கொட்டினீங்கன்னேன். இழுப்பறையில ஒண்ணாச்சும் கிடக்கும் பாருன்னாரு. எல்லா இழுப்பறையும் பாத்தேன். கட்டிலுக்கு அடியில பாத்தேன். அவரு சட்டைப் பைங்களத் துழாவினேன். அத்தனை சட்டை. திரும்பிப் பாத்தா, அவர் இல்ல."

அமுக்குவான் தூங்குகிறவனைத்தான் பிடிக்கும். அது எல்லோருக்கும் தெரியும்.

லிகாயா அம்மாவின் சிவந்த விரலைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் அதைக் குற்ற உணர்ச்சியில் கடிக்கிறாள் என்று நினைத்திருந்தாள். இல்லை. அம்மா தன் வாயை அடைத்து வைத்திருந்தாள்.

நெனித்தா ருபெர்த்தோவின் பக்கம் குனிந்தாள். "உங்க மாத்திரை எங்க?"

அந்தப் பெரிய மனிதர் பள்ளிக்கூடப் பையன்போலத் தலையைக் குனிந்துகொண்டார். "குப்பையில போட்டுட்டேன், அண்ணி."

"நான் பொறுக்கி வச்சிருக்கேன்," என்றாள் ஃபெலி. பயணப் பையை ஏன் அப்படி இறுக்கிப் பிடித்திருந்தாள் என்பது இப்போது புரிந்தது. உள்ளே கைவிட்டு, கைக்குட்டையில் சுற்றிய பொட்டலத்தை எடுத்தாள். அதுவரை திடமாக இருந்தவள் அதைப் பிரிக்க முடியாமல் அழுதாள்.

"நீங்களா எதையும் போட்டுக்க வேண்டாம். ஒரு மாசம் விட்டிருக்கு," என்றாள் லிகாயா. "அந்தப் பொட்டலத்தோட நேரா லுசேனா ஆஸ்பத்திரிக்குப் போங்க. வண்டி நான் சொல்றேன்."

ருபெர்த்தோ எழுந்தார். எழுந்தவர், தான் பாதி தின்றிருந்த தட்டைப் பார்த்தார். "அண்ணன் சாப்பாட்டைத் தின்னுட்டேனே," என்றார், யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல்.

"பரவால்ல," என்றாள் நெனித்தா. "அவருக்குப் பசியிருக்காது."

பக்கத்து வீட்டுக்காரரின் டிரைசைக்கிள் ஆட்டோவில் அவர்களை ஏற்றி அனுப்பிவிட்டு லிகாயா திரும்பியபோது பந்தல் காலியாகத் தொடங்கியிருந்தது. ஊர்க்காரர்கள் அவள் கண்ணைப் பார்க்காமல் விடைபெற்றார்கள். நாளைக்கு இவர்கள் தேங்காயை எங்கே போடுவார்கள் என்ற கவலை அவளுக்கும் வந்தது. வரட்டும். அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா சொல்லல? என்கிட்டயாவது?"

"சத்தியம் வாங்கிக்கிட்டாரு." நெனித்தா திரும்பவில்லை. "நான் இழுப்பறையக் கொடஞ்சுக்கிட்டிருந்தப்போ சொன்னாரு. 'அர்னெலுக்குத் தெரிய வேண்டாம், தாங்க மாட்டான். அவன் வெட்டின வரி எனக்குத் தெரியும். அன்னைக்கே கூப்பிட்டு, திரும்பச் சேருடான்னு சொல்லியிருக்கணும். கூட்டத்தப் பாத்ததும் எனக்கும் ஆசை வந்துருச்சு'ன்னாரு. நாப்பது நாள் வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு வச்சிருந்தேன். அப்புறமும் தொறக்க வேண்டாம்னுதான் இருந்தேன். ஆனா அந்த மனுஷன் அவரு நாற்காலியில உக்காந்து அதே மாதிரி வாயைத் துடைச்சாரு. பாத்துட்டு எப்படிடி சும்மா இருப்பேன்?"

லிகாயாவின் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினாள். கதவருகே அர்னெல். எப்போதிலிருந்து நிற்கிறான் என்று தெரியவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. அப்படியே வெளியே போனான்.

"தம்பி," என்று கூப்பிட்டுக்கொண்டே அவள் பின்னால் ஓடினாள். பந்தலில் அவன் இல்லை. மேசைத் தலைமாட்டில் பாதி தின்ற தட்டு இருந்தது. காலி டம்ளர் இருந்தது. ஆறிப்போன காபி இருந்தது.

நாற்காலி இல்லை.

அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. மாங் இமோவின் பக்கம் நேரலையில் இருக்கிறதாம். பார்க்கிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

திரையில் தென்னையடி. பிரம்பு நாற்காலி. அதில் நீலச் சட்டையில் ஒரு உருவம். இந்த முறை அவளுக்கு உடம்பு சில்லிடவில்லை, நெஞ்சு வலித்தது. நெனித்தா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"சட்டை அவனுக்குப் பெரிசா இருக்கு," என்றாள்.

அர்னெல் காமிராவைப் பார்த்தான். கையில் ஸ்பூன் இல்லை. கீழிருந்து கேள்விகள் மளமளவென்று ஏறின. மாங் இமோ எங்கே? மாங் இமோ எங்கே? எங்கிருந்தோ ஒருவர், நானும் இன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று எழுதி ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தார்.

"காலை வணக்கம்," என்றான் அர்னெல். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. "அப்பா... அன்னைக்கு அப்பா இன்னொரு வரியும்..."

அதற்குமேல் வரவில்லை. அவன் கை திரையை நோக்கி வந்தது, அணைக்கவோ என்னவோ. நடுவில் நின்றது.

நெனித்தா போனைப் பிடுங்கி, இரண்டு கையாலும் முகத்தருகே பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுடா," என்றாள்.